சக்கரத்துக்கு ஆகாத மண்

தெலுக் இந்தான் மண் சக்கரத்துக்கு ஆகாத மண். டவுனுக்கு வந்து சாய்ந்த கோபுரத்துக்கு முன்னால் நின்று படம் பிடித்துக்கொண்டு போகிறவர்கள் அதைக் கோபுரத்தின் கோளாறு என்று நினைக்கிறார்கள். கோபுரத்தில் ஒரு கோளாறும் இல்லை. லியோங் சூன் சோங் என்பவர் 1885இல் கட்டியது, இன்றைக்கும் நிற்கிறது. அடிமண் இளகியதால் சாய்ந்தது, அவ்வளவுதான். பேராக் ஆறு இந்த ஊரை ஒரு கொக்கி மாதிரி வளைத்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. ஆறும் கடலும் சேர்ந்து கொண்டுவந்து கொட்டிய களிமண்தான் எங்களுடைய நிலம். இன்னும் உள்ளே போனால் மக்கிப்போன மரமும் இலையும் தண்ணீரில் ஊறிக் கிடக்கும் கறுப்புச் சேற்று நிலம். "காஞ்சா ஓடு, நனைஞ்சா களி" என்று எங்கள் பாட்டி சொல்லும். காய்ந்த நாளில் காலைக் கிழிக்கும். மழை பெய்த நாளில் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும்.

இந்த மண்ணில் சாமான் ஏற்றிப் போவதற்கு வெள்ளைக்காரர்கள் முதலில் கண்ட வழி சக்கரமே இல்லாத வழி. ஆற்றில் படகு. அடுத்தது, சக்கரம் மண்ணைத் தொடாத வழி. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து அன்றைய தெலுக் ஆன்சனுக்கு ரயில் பாதை வந்தது. (ஊருக்கு இந்தான் என்ற பெயர் வந்தது 1982இல்தான்.) தோட்டங்களுக்குள்ளேயும் அதே யோசனையைச் சின்ன அளவில் செய்தார்கள். ஊருக்குப் பக்கத்திலுள்ள ஜெண்டராத்தா தோட்டத்தில் இன்றும் குறுகிய தண்டவாளத்தில் செம்பனைக் குலைகளை இழுத்துக்கொண்டு சின்ன இஞ்சின் ஓடுகிறது. அந்தத் தோட்டத்தை 1906இல் தொடங்கியவர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் என்ற டென்மார்க் எஞ்சினியர். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு ஒரு கொசுறுத் தகவல்: ஆப்பிரிக்கக் காப்பித் தோட்ட நினைவுகளை எழுதிப் புகழ்பெற்ற ஐசக் டினேசன் என்கிற கேரன் பிளிக்சனுக்கு இவர் தாய்மாமன். அந்தக் காப்பித் தோட்டத்திலும் இவர் பணம் இருந்தது. மருமகளின் தோட்டம் புத்தகமாகி சினிமாவாகவும் ஆனது. மாமனின் தோட்டத்தில் வேலை செய்த தமிழர், தெலுங்கர் கதையை யாரும் அந்த அளவுக்கு எழுதவில்லை.

தண்டவாளம் குலைக்கு. ஆள் நடந்துதான் போகணும்.

இதையெல்லாம் நான் தேட ஆரம்பித்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு வேன். 1996ஆம் வருஷத்து நிசான் வேனட். அப்பா செகண்ட் ஹேண்டில் வாங்கி, பதினைந்து வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி. இப்போது ஓய்வு. வருஷத்துக்கு நாலைந்து தடவை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கூடாரம், கேஸ் அடுப்பு, ஐஸ் பெட்டி, பாய், தலையணையோடு குவாலா வோ, லாதா கிஞ்சாங், தெலுக் பாத்தேக் என்று போய்த் தங்கிவிட்டு வரும். இந்த இடத்துக்கெல்லாம் தார் ரோடு இருக்கிறது. சிக்கல் ஆடி மாதத்துக் கேம்பிங்கில்.

ஆடியில் நாங்கள் போவது பாட்டி பிறந்து வளர்ந்து பால்வெட்டிய தோட்டத்துக்கு. ஊர் தெலுக் இந்தானுக்கும் பாகான் டத்தோவுக்கும் இடையில்; தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்களை இடித்து, ஆட்கள் டவுனுக்கு வந்து முப்பது வருஷம் ஆகப்போகிறது. மிச்சம் இருப்பது ஆலமரத்தடி முனியாண்டி கோயில், அதற்குப் பின்னால் இடுகாடு. தாத்தா அங்கேதான் இருக்கிறார். பூசைக்குப் போனால் தங்க வீடு கிடையாது. அதனால் லயம் இருந்த இடத்தில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்குவோம். எங்கள் குடும்பத்தில் கேம்பிங் என்ற பழக்கமே அப்படி வந்ததுதான். கடைசி மூன்று கிலோமீட்டர் செம்பனைப் பாதை. அதிலும் வாய்க்கால் ஓரமாக ஒரு 300 மீட்டர் சுத்தக் களி. சாயங்காலம் ஒரு மழை பெய்தால் வேன் அங்கேயே உட்கார்ந்துவிடும். மோட்டார் சைக்கிளில் போகலாம். ஆனால் எண்பத்திரண்டு வயதில், இரண்டு முட்டியும் தேய்ந்த பாட்டியை எப்படிப் பின்னால் உட்கார வைப்பது? தோட்டத்து டிராக்டரைக் கேட்டால் அனுப்புவார்கள். இரண்டு தடவை அனுப்பியும் இருக்கிறார்கள். அப்பாவுக்கு அதில் இஷ்டமில்லை. "செத்தவரப் பாக்கப் போறதுக்கு ஆபீஸ்ல போயி நின்னு கேக்கணுமா?" என்பார்.

அதனால் வீட்டில் ஒரு தீர்மானம் வந்தது: வேனை ஃபோர்வீல் ஆக்கிவிடு. எஞ்சினியர் படித்தவன் வீட்டில் இருந்தால் தண்ணிக் குழாயிலிருந்து எல்லாமே அவன் தலையில்தான். உள்ளூர் பல்கலைக்கழகத்தில் மெக்கானிக்கல் முடித்து, ஈப்போ தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறவன் நான். ஆகுமா ஆகாதா என்று கணக்குப் போட உட்கார்ந்தேன். கணக்கைவிட வரலாறுதான் அதிகம் கிடைத்தது.

*

வேன் ஏன் சேற்றில் உட்காருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் ஓடணும், உள்பக்கச் சக்கரம் குறைவாக. இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் கட்டினால் ஒன்று இழுபடும். இதைத் தீர்க்கத்தான் நடுவில் டிஃபரன்ஷியல் என்ற பற்சக்கரப் பெட்டி. தார் ரோட்டில் அருமையான கருவி. சேற்றில் அதுவே எமன். ஒரு சக்கரம் வழுக்கினால், எதிர்ப்பில்லாமல் சுற்றுகிற அந்தச் சக்கரமே எல்லாச் சுற்றையும் வாங்கிக்கொள்ளும். கெட்டித் தரையில் நிற்கும் இன்னொரு சக்கரம் அசையாது. உழைக்கிறவனை விட்டுவிட்டு வழுக்குகிறவனுக்கே கொடுக்கும் கருவி என்று எங்கள் பட்டறை அண்ணன் சொல்வார். நான்கு சக்கரத்துக்கும் விசையைப் பிரித்துக் கொடுத்தால், ஒன்று வழுக்கினாலும் முன்னாலோ பின்னாலோ இன்னொரு ஜோடி இழுக்கும்.

இந்த யோசனை புதிதில்லை. 1903இல் ஹாலந்தின் ஸ்பைக்கர் சகோதரர்கள் நான்கு சக்கரமும் இழுக்கும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்தார்கள். அது பந்தயத்துக்கான வண்டி. மாற்றிக் கட்டுகிற தொழிலைப் பெரிய அளவில் செய்தவர்கள் அமெரிக்காவின் மார்மன்-ஹெரிங்டன் கம்பெனி. 1930களில் ஃபோர்டு லோரிகளை வாங்கி, முன் அச்சைக் கழற்றி, இழுக்கிற அச்சைப் பொருத்தி விற்றார்கள். நான் செய்ய நினைத்த வேலைக்கு அவர்கள்தான் பாட்டன். பிறகு போர், 1941இல் ஜீப். போர் முடிந்து உலகமெங்கும் மிச்சமான ஜீப்புகளில் ஒன்று பிரிட்டனில் ரோவர் கம்பெனியின் மோரிஸ் வில்க்ஸ் கைக்கு வந்தது. அவர் அதைத் தன் பண்ணையில் ஓட்டிப் பார்த்து, நாமே ஒன்று செய்யலாமே என்று செய்ததுதான் லேண்ட் ரோவர். இரும்புக்குத் தட்டுப்பாடு, அதனால் அலுமினிய உடம்பு. 1948 ஏப்ரல் 30ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அதை வெளியே காட்டினார்கள்.

அந்தத் தேதியிலிருந்து 47 நாள் தள்ளி, ஜூன் 16ஆம் தேதி காலையில், எங்கள் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம். 1960 ஜூலை வரை நீடித்தது. இரண்டு தேதிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, தற்செயல்தான். ஆனால் இந்த மண்ணில் ஃபோர்வீல் யாருடைய வண்டியாகப் பழகியது என்பது அந்தப் பன்னிரண்டு வருஷத்தில் முடிவானது. துரைமார்கள் காரில் இரும்புத் தகடு அடித்துக்கொண்டார்கள். போலீசும் பட்டாளமும் லேண்ட் ரோவரில் வந்தன. பால்மரக் காட்டு மண் பாதையில் எங்கே வேண்டுமானாலும் நுழைகிற வண்டி காவல்காரனின் வண்டி ஆனது.

அதே வருஷங்களில் தமிழர்களுக்குப் போக்குவரத்து எப்படி இருந்தது? பிரிக்ஸ் திட்டம் 1950இல் வந்த பிறகு, சிதறிக் கிடந்த சீனக் குடியேறிகளைப் புதுக்கிராமங்களுக்குள் அடைத்த மாதிரியே, தோட்டத்து லயங்களையும் ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டார்கள். ஊரடங்கு. பல இடங்களில் பால்வெட்டப் போகிறவர்கள் மத்தியானச் சோற்றைக்கூட வெளியே கட்டிக்கொண்டு போகக்கூடாது. காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமாம். வேலிக் கதவில் பையைத் திறந்து காட்டணும். பாட்டி அப்போது பத்து வயதுகூட ஆகாத பிள்ளை. பெரட்டுக்களத்துக்கு லேண்ட் ரோவர் வருகிற சத்தத்தை இப்போதும் வாயால் செய்து காட்டும். "அந்தச் சத்தம் கேட்டா பெரியவங்க பேச்சு நின்னுரும். நாங்க புள்ளைங்க ஓடிப்போய் ஒளிஞ்சிக்குவோம். ஆனா வண்டிய எட்டிப் பாப்போம்." அந்த எட்டிப் பார்த்தலைத்தான் நான் பிடித்துக்கொண்டேன். பயமும் இருந்தது, ஆசையும் இருந்தது.

ஃபோர்வீலில் குடும்பத்தோடு போவது என்பதும் அதே காலத்தில் பிறந்ததுதான், வேறொரு நாட்டில், வேறொரு வகுப்பில். 1948லேயே டிக்ஃபோர்டு என்ற வண்டிக்கூடு கட்டும் கம்பெனி லேண்ட் ரோவர் மேல் மரச்சட்டம் வைத்து ஏழு பேர் உட்காரும் கூடு செய்தது. ஆடம்பர வரியோடு விலை ஏறிப்போய் அதிகம் விற்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் டார்மொபில்காரர்கள் லேண்ட் ரோவர் கூரையைத் தூக்கித் துணிச்சுவர் வைத்து, படுக்கையும் அடுப்பும் பொருத்திய வண்டியை விற்றார்கள். அதன் படங்களைப் பார்த்தால் நாலு பேர் குடும்பம், புல்வெளி, தேநீர்க் குவளை. அந்தப் புல்வெளிக்கு நேரெதிரில், பூமியின் மறுபக்கத்தில், எங்கள் தாத்தா அதே வகை வண்டியின் சக்கரத்தைத் துரை வீட்டு வாசலில் கழுவிக்கொண்டிருந்தார். அவர் தோட்டத்து லோரிக்கு உதவியாள். வண்டி கழுவுவதும் அவர் வேலைதான். கடைசிவரை அந்த வண்டியை ஓட்டவில்லை. உள்ளே உட்கார்ந்து போனது ஒரே தடவை, காலில் மரம் விழுந்து தெலுக் ஆன்சன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது.

*

துரைமார்கள் போன பிறகு வண்டிகள் எங்கே போயின என்பது தனிக்கதை. தாப்பாவிலிருந்து மலை ஏறினால் பதில் கிடைக்கும். கேமரன் மலை ரோட்டில் முட்டைக்கோஸ் மூட்டைகளோடு முனகிக்கொண்டு இறங்கும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்க்காத பேராக்காரன் இருக்க மாட்டான். கதவு ஒரு நிறம், பானெட் ஒரு நிறம். பலவற்றின் வயிற்றில் இங்கிலாந்து இஞ்சினே இல்லை. ஜப்பான் டீசல் இஞ்சினை வைத்து ஓட்டுகிறார்கள். மூட்டை ஏற்றணும், ஏற்றம் ஏறணும், சாமான் மலிவாகக் கிடைக்கணும். அந்த மூன்று தேவையிலிருந்து பிறந்த வேலைத்திறன் அது. காவல்காரனின் வண்டியைக் காய்கறி வண்டி ஆக்கிய பட்டறைக்காரர்களில் தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லோரும் உண்டு. மலேசிய எஞ்சினியரிங் வரலாறு என்று யாராவது எழுதினால் இரட்டைக் கோபுரத்துக்கு முன்னால் இந்தப் பட்டறைகளில் ஒரு அத்தியாயம் வைக்கணும் என்பது என் கட்சி.

அதே சமயம் காட்டு ஓட்டம் ஒரு விளையாட்டாகவும் மாறிவிட்டது. 1993இல் கேமல் டிராபி சபாவில் நடந்தது. 1997இலிருந்து ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச், அதுவும் வேண்டுமென்றே மழைக்காலத்தில். சேற்றில் மாட்டிக்கொள்வதற்காகவே காசு கட்டிப் போகிறார்கள். நான் கிண்டல் செய்யவில்லை, வீடியோக்களை விடிய விடியப் பார்த்தவன்தான். ஆனால் தாப்பா மலைக்கு உள்ளே செமாய் பூர்வகுடிக் கிராமங்களில் அதே சேறு, அதே ஃபோர்வீல், பிரசவ வலியோடு ஒரு பெண். அவர்களுக்கு இது சாகசம் இல்லை. எங்கள் ஆடிப் பயணத்தையும் 'அட்வென்ச்சர்' என்று தம்பி படம் போடும்போது பாட்டி முகத்தைப் பார்க்கணும்.

இனி வேன். குடும்பத்தை ஏற்றுகிற வேனுக்கு நான்கு சக்கர இயக்கம் வந்தது ரொம்பப் பிந்தி. வோல்க்ஸ்வாகனில் வேன் பிரிவைக் கவனித்த குஸ்டாவ் மேயருக்கு சஹாரா பாலைவனம் என்றால் பைத்தியம். அவரும் ஹென்னிங் டக்ஸ்டைன் என்ற எஞ்சினியரும் 1970களின் பின்பாதியில், சாதாரண வேனைப் பிரித்து முன்னச்சும் இழுக்கிற மாதிரி சில மாதிரி வண்டிகள் கட்டிப் பாலைவனத்தில் ஓட்டிப் பார்த்தார்கள். கம்பெனி உடனே பிடித்துக்கொள்ளவில்லை. 1985இல் அடுத்த தலைமுறை வேனில் சிங்க்ரோ என்ற பெயரில் அது கடைக்கு வந்தது. ஆஸ்திரியாவில் ஸ்டையர்-டைம்லர்-புக் ஆலையில் கட்டினார்கள். அதன் நடுவில் இருக்கும் கருவி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு டப்பாவுக்குள் நெருக்கமான தட்டுகள், சுற்றிலும் சிலிக்கோன் திரவம். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் ஓடும்வரை திரவம் சும்மா இருக்கும். பின்சக்கரம் வழுக்கி வேக வித்தியாசம் வந்ததும் திரவம் இறுகித் தட்டுகளைப் பிடித்துக்கொள்ள, முன்சக்கரத்துக்கு விசை போகும். ஓட்டுநர் எதையும் தொட வேண்டாம்.

ஜப்பானில் மிட்சுபிஷி 1982இல் டெலிக்கா வேனுக்கு பஜேரோ குடும்பத்து உறுப்புகளைப் போட்டு ஃபோர்வீல் ஆக்கியது. பனிமலைக்கும் ஆற்றங்கரைக்கும் பிள்ளைகுட்டியோடு போகிற பழக்கம் அங்கே பெருகிய காலம். மற்ற கம்பெனிகளும் வந்தன. அதில்தான் எனக்கு ஒரு அடி விழுந்தது. எங்கள் வேனட், சி22 என்று பட்டறையில் சொல்லும் அதே மாடல், ஜப்பானில் ஃபோர்வீலாகவும் விற்றிருக்கிறது. அதே முகம், அதே தள்ளுகதவு. கொஞ்சம் உயரம், அடியில் இன்னொரு டிஃபரன்ஷியல். செகாம்புட் ஆலையில் தான் சோங் கம்பெனி பூட்டி நமக்கு விற்ற வேனட், 1.5 லிட்டர் பெட்ரோல் இஞ்சினோடு பின்சக்கரம் மட்டும் தள்ளுகிற வண்டி. 2000களிலும் புதிதாக விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இதில் சதி ஒன்றும் இல்லை. விலைக்கு விற்பதுதான் வியாபாரம். இங்கே வேன் வாங்கியவர்களை யோசித்துப் பாருங்கள்: பள்ளிக்கூட வேன், ஃபேக்டரி வேன், பாசார் மாலாம் வியாபாரி, பத்திரிகை ஏஜென்ட், கேட்டரிங். அவர்களுக்குத் தேவை மலிவு, இடம், எளிதில் கிடைக்கும் சாமான். ஆனால் 1980களிலும் 90களிலும் தோட்டத்தை விட்டு வெளியே வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த வேன் இன்னொன்றாகவும் இருந்தது. சைக்கிள், அப்புறம் ஹோண்டா கப், அதற்கடுத்து நேரே வேன். எங்கள் பக்கத்தில் கார் பிறகுதான் வந்தது. இடித்த லயத்தின் ஆட்கள் ஈப்போ, கிள்ளான், சிரம்பான் என்று சிதறிய பிறகு, கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தைப்பூசத்துக்கும் அவர்களைத் திரும்பச் சேர்த்தது இந்தத் தள்ளுகதவுதான். எட்டுப் பேர் வண்டியில் பதினான்கு பேர் போனோம். போலீஸைக் கண்டால் பிள்ளைகள் குனிந்துகொள்ளணும். ஒரு லயமே நகர்ந்து போகிற மாதிரி இருக்கும். அந்த நகரும் லயம் எல்லா ஊருக்கும் போனது. பழைய லயம் இருந்த இடத்துக்கு மட்டும், கடைசி 300 மீட்டரில், போக முடியவில்லை.

*

ஆகுமா என்றால், ஆகும். பேப்பரில்.

இஞ்சினிலிருந்து கியர்பாக்ஸ், அதிலிருந்து நீளத் தண்டு, பின்னால் டிஃபரன்ஷியல்: இதுதான் இப்போதைய அமைப்பு. ஃபோர்வீல் ஆக்க, கியர்பாக்ஸுக்குப் பின்னால் டிரான்ஸ்பர் கேஸ் என்ற பெட்டி வைத்து விசையை இரண்டாகப் பிரிக்கணும். பின்தண்டை அறுத்துக் குட்டையாக்கணும். முன்னால் ஒரு தண்டு இஞ்சின் பக்கமாக ஓடி முன் டிஃபரன்ஷியலுக்குப் போகணும். அங்கேதான் இடிக்கிறது. வேனட்டில் இஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். முன் டிஃபரன்ஷியல் உட்கார வேண்டிய இடத்தைச் சுற்றி இஞ்சினின் எண்ணெய்த் தொட்டி, ஸ்டீரிங் கம்பிகள், குறுக்குச் சட்டம். ஒன்று எண்ணெய்த் தொட்டியை வெட்டி வேறு வடிவத்தில் ஒட்டணும், இல்லையென்றால் உடம்பையே உயர்த்தணும். ஜப்பானில் கம்பெனியே செய்தபோதும் உயரம் கூடித்தான் போனது.

சாமான் எங்கே? நம் நாட்டில் ஹாஃப்-கட் கடை என்று ஒரு பெரிய உலகம் இருக்கிறது. ஜப்பானில் கழித்த வண்டியைப் பாதியாக அறுத்து, கண்டெய்னரில் கொண்டுவந்து, இஞ்சினும் கியர்பாக்ஸும் பிரித்து விற்பார்கள். அங்கே ஃபோர்வீல் சி22 உறுப்புகளைக் கேட்டு அலைந்தேன். ஒரு கடைக்காரர் சிரித்துவிட்டு, "தம்பி, அது இப்போ மியூசியத்துலதான்" என்றார். இன்னொருவர் சின்ன சுசுகி ஜீப்பின் முன் அச்சைக் காட்டினார். சக்கரங்களுக்கு இடையிலான அகலம் வேறு. அதைவிடப் பெரிய பிரச்சினை கியர் விகிதம். பின்னச்சு ஒரு விகிதத்திலும் முன்னச்சு வேறொரு விகிதத்திலும் இருந்தால் நான்கு சக்கரமும் ஒன்றோடொன்று சண்டை போடும். சேற்றில் வழுக்கிச் சமாளிக்கும், தாரில் எதையாவது உடைத்துவிட்டுத்தான் ஓயும்.

அடுத்தது உயரம். இதற்குக் கால்குலேட்டரே போதும். சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை, எடைமையம் தரையிலிருந்து இருக்கும் உயரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால், வண்டி எவ்வளவு எளிதில் உருளும் என்று தெரியும். எண் குறையக் குறைய ஆபத்து. அகலம் சுமார் 1.4 மீட்டர், எடைமையம் 0.75 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 0.93. பத்து சென்டிமீட்டர் தூக்கினால் 0.82. கூரையில் கூடாரமும் அண்டாவும் ஏற்றினால் இன்னும் இறங்கும். மூன்று கிலோமீட்டர் சேற்றுக்காக, அங்கே போய்ச் சேருகிற ஐம்பது கிலோமீட்டர் தார் ரோட்டை ஆபத்தாக்குகிற வேலை இது. வேனுக்குள் இருப்பது பிள்ளைகளும் பாட்டியும்.

மிச்சம் சட்டம். இந்த மாதிரி அடித்தள மாற்றத்துக்கு சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி முன்கூட்டியே வேண்டும், புஸ்பாகோம் சோதனை வேண்டும். அனுமதி இல்லாமல் செய்து நாளைக்கு ஒரு விபத்து என்றால் காப்புறுதிக்காரர்கள் கையை விரிப்பார்கள். ஒரு பட்டறையில் மொத்தத்துக்கும் விலை கேட்டேன். வேன் விற்றால் வருகிற காசைப் போல இரண்டு மடங்கு சொன்னார்.

பட்டறைகளில் இலவசமாகக் கிடைத்த யோசனை ஒன்று: "பின் டிஃபரன்ஷியலை வெல்டிங் அடிச்சிரு." பற்சக்கரங்களைப் பற்றவைத்துவிட்டால் இரண்டு பின்சக்கரமும் எப்போதும் சேர்ந்து சுற்றும். வயல்காட்டில் ஓடும் வண்டிக்குச் சரி. ஈர ரோட்டு வளைவில் பின்பக்கம் தானாக வழுக்கிக்கொண்டு போகும். வேண்டாம்.

கடைசியில் நான் வீட்டில் எழுதிக் கொடுத்த பட்டியலில் ஃபோர்வீல் இல்லை. பின்னச்சுக்கு லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்: உள்ளே உராய்வுத் தட்டுகள் இருப்பதால் ஒரு சக்கரம் வழுக்கினாலும் இன்னொன்றுக்குக் கொஞ்சம் விசை போகும். பின்னால் சேற்று டயர் இரண்டு. தோட்டத்து வாசலில் நிறுத்தி மாற்றிக்கொள்ளலாம். காற்றைக் குறைத்து ஓட்டிவிட்டு வெளியே வந்ததும் நிரப்ப ஒரு சின்ன பம்ப். களிக்குப் பலகை.

தம்பிக்கு ஏமாற்றம். அவன் ஸ்டிக்கர்கூட வாங்கி வைத்திருந்தான். அப்பா பட்டியலை இரண்டு தடவை படித்தார். "அப்போ இது தொர வண்டி ஆகாது" என்றார். ஆகாதுப்பா என்றேன். "நல்லதுதான்" என்று சொல்லிவிட்டு, எந்த மரத்துப் பலகை என்று கேட்டார். பாட்டிக்கு இந்தக் கணக்கெதுவும் வேண்டாம். போய்ச் சேருமா என்று மட்டும் கேட்டது. மழை பெய்யாவிட்டால் சேரும், பெய்தால் நேரம் ஆகும் என்றேன். "எனக்கு என்ன அவசரம்?" என்றது.

பலகை பத்து வாங்கியாச்சு, எட்டடி நீளம், ஒரு பக்கம் வழுக்காமல் இருக்கக் குறுக்குச் சட்டம் அடித்திருக்கிறோம். ஐந்து ஜோடி போட்டால் நாற்பது அடி, கிட்டத்தட்ட 12 மீட்டர். வேன் அதில் ஏறி நகர, பின்ஜோடியை எடுத்து முன்னால் போடணும். 300 மீட்டருக்கு ஒவ்வொரு ஜோடியையும் இருபத்தைந்து தடவை தூக்கணும். நனைந்த பலகை ஒன்று பதினைந்து கிலோ வரும். ஈப்போ சித்தப்பா வீட்டிலிருந்து நாலு பேர், கிள்ளான் மாமா பிள்ளைகள் மூன்று பேர், நான், தம்பி. அப்பாவைத் தூக்கவிடக்கூடாது, அவர் ஸ்டீரிங்கில்.